வேலைக்கு வந்த பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப: கொழும்பில் யாரிடம், எதை எடுத்துக்கொண்டு போவது

பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை வேலைக்கு நிற்கிறது என்று யாரிடமாவது சொன்னால், "1929க்கு அடியுங்கள்" என்பார்கள். சிறுவர் பாதுகாப்பு முறைப்பாடுகளுக்கான இலக்கம் அது, சரியான பதில்தான். அந்த அழைப்பு ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு எந்தக் கருமபீடத்துக்குப் போவது, எந்தப் பத்திரத்தைக் காட்டுவது, எந்த மாதத்துக்குள் முடிப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் தொடர்மாடியில் வேலைக்கு நின்ற ஒரு மலையகப் பிள்ளையின் விடயத்தில் இறங்கிய பிறகுதான் இவற்றை நான் கற்றேன். பிள்ளையை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது சீக்கிரம் முடிந்தது. அதை ஒரு வகுப்பறையில் உட்கார வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. வகுப்பறைக்குப் போகாத பிள்ளை அடுத்த தீபாவளிக்குள் இன்னொரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும். ஆகவே இங்கே மீட்பைப் பற்றிச் சுருக்கமாகவும், பத்திரங்களைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளையும் புறக்கோட்டைக் கடைகளையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

1. வயதையும் வேலையையும் சரிபாருங்கள்

இலங்கையில் ஒருவரை வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. 2021இல்தான் அது 14இலிருந்து உயர்த்தப்பட்டது. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம். கட்டாயக் கல்வியும் 5 வயது தொடக்கம் 16 வரை. 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களை வேலைக்கு வைக்கலாம், ஆனால் ஆபத்தான வேலைகள் என்று ஒழுங்குவிதிகளில் பட்டியலிடப்பட்டவற்றில் வைக்க முடியாது. "அதுதான் 16 ஆகிவிட்டதே" என்ற பேச்சைக் கேட்டதும் ஆறுதலடைந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்த, வீட்டு வேலைக்கு வந்த டயகமச் சிறுமிக்கும் வயது 16தான்.

பாடசாலை விட்டு வந்து தகப்பனின் கடையில் கல்லாவில் ஒரு மணிநேரம் உட்காரும் பிள்ளையைப் பற்றி நான் பேசவில்லை. அது வீட்டுக்கு உதவி. அடையாளம் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, நாளைப் பார்ப்பது: பாடசாலை நாளில் காலை பத்து மணிக்குப் பிள்ளை எங்கே நிற்கிறது? இரவு எல்லோரும் படுத்த பிறகு யார் பாத்திரம் கழுவுவது? வீட்டுப் பிள்ளைகள் சீருடையில் வானில் ஏறும்போது அவர்களின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வரும் பிள்ளை எந்தப் பாடசாலையில் படிக்கிறது?

"எங்கள் சொந்தக்காரப் பிள்ளை, படிக்க வைப்பதற்காகக் கூட்டிவந்தோம்" என்பது வழமையான பதில். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். அப்படியென்றால் எந்தப் பாடசாலை, எத்தனையாம் ஆண்டு, எந்த ஆசிரியர் என்ற கேள்விகளுக்குப் பதில் தயங்காமல் வரும். தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

2. எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுக்காதீர்கள்

அழைப்பதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்திருங்கள்: வீட்டு இலக்கம், ஒழுங்கை, தொடர்மாடி என்றால் எத்தனையாவது மாடி, பிள்ளையின் பெயர் தெரிந்தால் பெயர், பார்வைக்கு என்ன வயது, எப்போதிலிருந்து அங்கே நிற்கிறது, எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யக் கண்டீர்கள். ஊரின் பெயர் கிடைத்துவிட்டால் பின்னால் வரும் பாதி அலைச்சல் குறையும். தலவாக்கலையா, பசறையா என்று தெரியாமல் பிறப்புப் பதிவைத் தேடுவது மிகவும் கடினம்.

பிள்ளையைக் கைபேசியில் படம் எடுத்து முகநூலில் போடுபவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். விளைவு கெட்டதாகத்தான் இருக்கும். முகம் ஊருக்கே தெரிந்துவிட்ட பிள்ளை திரும்பிப் போய் எந்த வகுப்பில் தலை நிமிர்ந்து உட்காரும்? வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே தகவல் போய்விடும்.

அதே காரணத்துக்காக, வீட்டுக்காரரிடம் நேரே போய் நியாயம் கேட்காதீர்கள். கேட்ட அன்றிரவே பிள்ளை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றப்படும், அல்லது தெகிவளையில் உள்ள மைத்துனியின் வீட்டுக்கு மாற்றப்படும். பிறகு வரும் உத்தியோகத்தர் காலி அறையைப் பார்த்துவிட்டுக் கோவையை மூடுவார். இரக்கப்பட்டு உங்கள் வீட்டில் பிள்ளையை ஒளித்து வைக்கும் எண்ணமும் வேண்டாம். நீதிமன்றக் கட்டளையோ பெற்றோரின் சம்மதமோ இல்லாமல் வேறொருவரின் பிள்ளையை வைத்திருந்தால், முறைப்பாடு உங்கள் மீதே திரும்பும்.

3. அழைப்பு: யாருக்கு, எப்போது

காயம், பட்டினி, பூட்டி வைத்தல், பாலியல் தொல்லை என்று சந்தேகம் இருந்தால் குறிப்புத் தாள், நாள், கிழமை எதையும் பார்க்காமல் உடனே அழையுங்கள். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். இரவு பகல் என்று இல்லாமல் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் பேசலாம். உயிராபத்து என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119.

அவசரம் இல்லாத நிலை என்றால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் அழையுங்கள். வெள்ளி பிற்பகலில் ஆரம்பித்தால் சனி, ஞாயிறு, அதோடு ஒரு போயா தினமும் ஒட்டிக்கொண்டால், உத்தியோகத்தர்கள் இல்லாத நாட்களில் பிள்ளை நடுவில் அகப்பட்டுக்கொள்ளும்.

அழைப்பு முடியும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர்களாகச் சொல்லாவிட்டாலும் கேளுங்கள். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், "ஏற்கனவே சொன்னேன்" என்பதைவிட அந்த இலக்கத்துக்குத்தான் மதிப்பு.

அடுத்து அதே விபரத்தை எழுத்தில் கொடுங்கள். உங்கள் பகுதிப் பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். கொழும்பு நகரில் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. கொட்டாஞ்சேனையும் புறக்கோட்டையும் முதலாவதில், வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் இரண்டாவதில். கடிதத்தைக் கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் வெளிக்களத்தில் இருப்பார்கள். எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு முச்சக்கரவண்டிக் காசு மிஞ்சும்.

கிராம உத்தியோகத்தரிடம் முதலில் போகலாமா? நல்லவர் கிடைத்தால் அவரைப் போல உதவி இல்லை. ஆனால் அவருக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் பழக்கம் இருக்கக்கூடும். எனவே முறைப்பாட்டு இலக்கம் கைக்கு வந்த பிறகு அவரிடம் போங்கள்.

கடை, ஹோட்டல், பட்டறை என்றால் தொழில் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும். நாரஹேன்பிட்டியில் உள்ள தலைமை அலுவலகத்தில் பெண்கள், சிறுவர் அலுவல்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. தொழில் உத்தியோகத்தர் கடைக்குள் நுழைந்து சம்பளப் பதிவேட்டைக் கேட்கலாம். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளில் முன்வாசலில் பிள்ளைகளைக் காண மாட்டீர்கள். பின்புறக் களஞ்சியத்தில்தான் மூட்டை கட்டிக்கொண்டு நிற்பார்கள். கடிதத்தில் களஞ்சியத்தின் முகவரியையும் தனியாக எழுதுங்கள்.

4. வாக்குமூலமும் நீதிமன்றமும்

பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு என்று தனிக் கருமபீடம் இருக்கிறது. அங்கே பொதுவாகப் பெண் உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கும் பிள்ளைக்கும் உரிமை உண்டு. நடைமுறையில், நீங்கள் தமிழில் சொல்ல அவர்கள் சிங்களத்தில் எழுதி, "இங்கே கையெழுத்து வையுங்கள்" என்று நீட்டுவார்கள். எழுதியதை வாசித்து மொழிபெயர்த்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு பிள்ளையின் வயது தவறாக எழுதப்பட்டால் வழக்கே வேறு திசைக்குப் போய்விடும். சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போவதுதான் எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு.

பிள்ளை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்படலாம். கொழும்பில் அது பெரும்பாலும் பொரளையில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையாக இருக்கும். செலவில்லை. பின்னர் நீதவான் முன் கொண்டுபோவார்கள். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைப் பார்த்து, பிள்ளை பெற்றோரிடம் போவதா, பொருத்தமான உறவினரிடம் போவதா, சிறுவர் இல்லத்துக்கா என்று நீதிமன்றம் தீர்மானிக்கும்.

இந்த அறிக்கைதான் முக்கியம், இங்கேதான் நீங்கள் உதவ முடியும். பெற்றோருடன் தொலைபேசியில் பேசி, நீதிமன்றத் தினத்தில் தாயோ தகப்பனோ, முடியாவிட்டால் பாட்டியோ அத்தையோ கொழும்புக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தங்கள் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று ஆகியவற்றோடு வரச் சொல்லுங்கள். உரியவர் யாரும் வராவிட்டால் பிள்ளை இல்லத்தில் நாள்கணக்காக அல்ல, மாதக்கணக்காக இருக்க நேரும். சிறுவர் இல்லத்தில் இருக்கும் பிள்ளை, "திரும்பவும் அந்த வீட்டுக்கே போகிறேன்" என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். பயமும் தனிமையும் அப்படிப் பேச வைக்கும்.

முறைப்பாட்டாளருக்கு சட்டத்தரணி தேவையில்லை. குடும்பத்துக்குத் தேவைப்பட்டால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே "நான் முடித்துத் தருகிறேன்" என்று நெருங்கி வருபவர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சாட்சியாக நிற்க வேண்டி வந்து மிரட்டல் ஏற்பட்டால், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொலிஸில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். முறைப்பாட்டை வாங்கவே மறுத்தாலும், வாங்கிய பிறகு ஒன்றும் நடக்காவிட்டாலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கமான 1996க்கு அழையுங்கள்.

5. முற்பணம் என்னும் பொறி

தரகர் வந்து தாயின் கையில் ஒரு தொகையை வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவருவதுதான் வழமை. பிள்ளை மீட்கப்படும் நேரத்தில் வீட்டுக்காரர் அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்பார். தாய் பயந்து, மூத்த பிள்ளைக்குப் பதில் இளையதை அனுப்பச் சம்மதித்துவிடுவாள். இது கற்பனையில்லை, இதை நடக்க விடாமல் தடுக்கத்தான் இந்தத் தலைப்பு.

கடனுக்காகப் பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவின் கீழ் குற்றம். தாய்க்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: முற்பணத்தைப் பிள்ளையின் உழைப்பால் அடைக்க வேண்டியதில்லை, அப்படி அடைக்கக் கேட்பவரே குற்றம் செய்தவர். "எல்லாச் சம்பளமும் பெற்றுக்கொண்டோம், எந்தக் குறையும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்தும் வேண்டாம், பெருவிரல் அடையாளமும் வேண்டாம். பாக்கிச் சம்பளத்துக்கு, எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு பேசி, எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி தொழில் திணைக்களத்தில் கொடுக்கலாம். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டுகள், தரகரின் குறுஞ்செய்திகள் இருந்தால் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் சமாதானமாகி, "நானே பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறேன்" என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிள்ளை தரகரின் கையில் கொடுக்கப்பட்டு, பஸ்தியன் மாவத்தைத் தரிப்பிடத்திலிருந்தே வேறு வீட்டுக்குப் போய்விடும். பெற்றோர் அல்லது உத்தியோகத்தர் கையில் மட்டும்.

6. பிறப்புச் சான்றிதழ்

இங்கேதான் பலர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். பதறாமல், பிள்ளை மூன்று நிலைகளில் எதில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

பிறப்புப் பதிவாகியிருக்கிறது, பிரதி மட்டும் இல்லை: இதுதான் இலேசு. பிள்ளை மலையகத்தில் பிறந்திருந்தாலும் கொழும்பில் உள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும். தெரியாவிட்டால் தேடுதலுக்குக் கூடுதல் கட்டணம்; எப்படியும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஒன்று எடுக்கப் போகும் இடத்தில் இரண்டு மூன்று பிரதிகளாக எடுத்துவிடுங்கள். பாடசாலை ஒன்றை வைத்துக்கொள்ளும், நீதிமன்றம் ஒன்றைக் கேட்கும்.

பதிவாகியிருக்கிறது, பெயரில் பிழை: தோட்டப் பிள்ளைகளிடம் இது மிக அதிகம். தமிழ்ப் பெயரைத் தோட்ட அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, பதிவாளர் அதைச் சிங்களத்தில் எழுதி, கடைசியில் சாந்தி என்பவள் ஷாந்தனியாகி நிற்பாள். பாடசாலையில் சேர்ப்பதற்குத் திருத்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தாய் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்து, சமாதான நீதவான் கையொப்பமிட்டால் சேர்ப்பதற்குக் கைகொடுக்கும். திருத்தத்துக்கான விண்ணப்பம் பின்னால் தன் வேகத்தில் போகட்டும். ஆனால் போக வேண்டும், ஏனென்றால் தேசிய அடையாள அட்டைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்கும்போது அதே பிழை திரும்பி வரும்.

பதிவே இல்லை: பிறப்பு 42 நாட்களுக்குள் இலவசமாகப் பதியப்பட வேண்டும், மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்ற தனி நடைமுறை. இதைக் கொழும்பில் செய்ய முடியாது. பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். முதலில் "பதிவைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை" என்ற பெறுபேற்றை எழுத்தில் பெறுங்கள். அது இல்லாமல் அடுத்த கருமபீடத்தில் பேச்சே இல்லை. பிறகு சேர்க்க வேண்டியவை: தாய் தகப்பனின் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும், திருமணச் சான்றிதழ் இருந்தால் அதுவும், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, பிறப்பை அறிந்தவர்களின் சத்தியக்கடதாசிகள், பிள்ளை எப்போதாவது படித்த பாடசாலையின் பதிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைப் பருவத்தில் மருத்துவமாது கொடுத்த சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. தடுப்பூசித் திகதிகளுள்ள அந்தப் புத்தகம் பெரும்பாலான லயங்களில் ஏதாவது ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே அதைத் தேடச் சொல்லுங்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால் தோட்ட அலுவலகத்திலும் தோட்ட வைத்திய நிலையத்திலும் பழைய பதிவேடுகளைப் பார்க்கச் சொல்லலாம்.

பெற்றோருக்குத் திருமணப் பதிவு இல்லை, ஆகவே பிள்ளைக்குப் பத்திரம் கிடைக்காது என்று பல தாய்மார் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. தகப்பனின் பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். இந்த வெட்கத்தினாலேயே அலுவலகப் படி ஏறாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு பெண் கூடப் போவது நல்லது.

காலங்கடந்த பதிவு மாதக்கணக்கில் இழுக்கும். பிறப்பு பதியப்பட்டதற்கான தடயமே இல்லாத நிலையில் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று தரப்படுகிறது. பாடசாலையில் சேர்க்க அது ஏற்றுக்கொள்ளப்படும். இதைப் பற்றிக் கருமபீடத்தில் தாமாகச் சொல்வது அரிது. நீங்கள் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

போவதற்கு முன் 1919க்கு அழைத்து, தேவையான பத்திரங்களின் பட்டியலைத் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது அரசாங்கத் தகவல் நிலையம். கருமபீடத்தில் ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் வேறு சொல்லும்போது அந்தப் பட்டியல் உங்கள் பக்கத்தில் நிற்கும்.

7. பாடசாலை

பிள்ளை ஊருக்குத் திரும்பினால் ஊர்ப் பாடசாலை, கொழும்பில் குடும்பத்தோடு இருந்தால் கொழும்புப் பாடசாலை. எங்கே என்றாலும் கேட்கப்படுபவை இவை: பிறப்புச் சான்றிதழ் அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ், வதிவிடச் சான்று, முன்பு படித்திருந்தால் பாடசாலை விடுகைப் பத்திரம். மாணவர் அறிக்கைப் புத்தகம் இருந்தால் அதுவும். விடுகைப் பத்திரம் வாங்காமல் ஓடிவந்த பிள்ளையின் பெயர் பழைய பாடசாலை இடாப்பில் வெட்டப்பட்டிருக்கும். பழைய அதிபரிடம் ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டால் எழுதித் தருவார். யாராவது நேரில் போக வேண்டும்.

இடைவகுப்பில் சேர்ப்பதற்கு அதிபரை நேராகச் சந்திப்பது வழமை. "இடமில்லை", "வயது கூடிவிட்டது", "பின்தங்கிய பிள்ளை, வகுப்பின் பெறுபேறு இறங்கிவிடும்" என்ற மூன்றில் ஒன்றைக் கேட்பீர்கள். மூன்றாவதை நான் என் காதால் கேட்டேன். அங்கே வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் முறைசாராக் கல்விப் பிரிவைக் கேளுங்கள். பாடசாலைக்குப் போகாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சேர்ப்பதே அந்தப் பிரிவின் கடமைகளில் ஒன்று. முறைப்பாட்டு இலக்கம், நீதிமன்றக் கட்டளையின் பிரதி, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றோடு போனால், அதிபருக்கு ஒரு கடிதம் எழுதித் தருவார்கள். பத்திரம் முழுமையாகாவிட்டால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும்படி அதிலேயே எழுதக் கேளுங்கள்.

எந்த வகுப்பு என்பதில் கவனம் வேண்டும். இரண்டு ஆண்டு படிக்காமல் இருந்த 13 வயதுப் பிள்ளையை எட்டு வயதுக்காரர்களோடு உட்கார வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. வயதுக்கு அருகிலான வகுப்பில் சேர்த்து, வாசிப்புக்கும் கணக்குக்கும் மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுப்பதே நல்லது. உங்கள் கோவிலிலோ தேவாலயத்திலோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

பிள்ளைக்கு 15ஐத் தாண்டி, திரும்ப வகுப்புக்குப் போக உடன்படவே இல்லையென்றால், 16 ஆனதும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பாடநெறிகளைப் பாருங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். சாதாரண தரம் எழுதாதவர்களுக்கும் பாடநெறிகள் உண்டு. சில தரகர்கள் "பயிற்சி" என்ற பெயரில் பிள்ளைகளை அழகுநிலையங்களுக்கும் கராஜ்களுக்கும் கொண்டுபோகிறார்கள். பதிவு இலக்கம் இல்லாத எதுவும் பயிற்சியில்லை.

8. செலவு

அரச பாடசாலையில் கல்வி இலவசம். பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசு தருகிறது. ஆண்டின் நடுவில் சேரும் பிள்ளைக்கு அவை உடனே கிடைக்காமல் போகலாம். பழைய புத்தகங்களை அதே பாடசாலையின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். உண்மையில் கைக்காசு போவது சப்பாத்துக்கும், பைக்கும், கொப்பிகளுக்கும், தையல்கூலிக்கும், பாடசாலை கேட்கும் வசதிக் கட்டணத்துக்கும். வசதிக் கட்டணத்தைக் கட்ட முடியாத குடும்பம் விலக்குக் கேட்டு அதிபருக்கு ஒரு கடிதம் எழுதலாம். பஸ்ஸுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச்சீட்டு இருக்கிறது, சாதாரணக் கட்டணத்தோடு பார்த்தால் மிகக் குறைவு.

பெரிய செலவு எதிலும் பட்டியலிடப்படாதது. தாய் ஒருமுறை கொழும்புக்கு வந்து திரும்பினால் இரண்டு நாள் பேர் விழாது, அதாவது தோட்டத்தில் அந்த இரண்டு நாள் கூலி கிடைக்காது. அந்த வீட்டில் அது அரிசிக் காசு. நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து தாயின் பயணத்தையும் இழந்த நாட்கூலியையும் கொடுத்தோம். பணத்தைப் பிள்ளைக்கு அள்ளிக் கொடுப்பதைவிட, இந்த இரண்டுக்கும் பாடசாலைப் பொருட்களுக்கும் ஒதுக்குவதே பயனுள்ளது என்பது என் கருத்து. யாரிடம் எவ்வளவு வாங்கி எதற்குச் செலவிட்டீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்; ஊர்ப் பேச்சு சீக்கிரம் கிளம்பும்.

குடும்பம் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவைப் பெறுகிறதா என்று கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வறிய பிரிவுக்கு மாதம் 10,000 ரூபாய், மிக வறிய பிரிவுக்கு 17,500 ரூபாய். விண்ணப்பம் கோரப்படும் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். எனவே குடும்பம் வசிக்கும் பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் பெயரைக் கொடுத்து, எப்போது வரவேண்டும் என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள். தாயிடம் அடையாள அட்டை இல்லாவிட்டால் இந்த வேலை ஒன்றும் நகராது. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

9. விடுமுறைகளும் தரகரும்

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில்தான் பிள்ளைகள் கொழும்புக்கு வருகிறார்கள். "விடுமுறைக்கு மட்டும், புதுச் சப்பாத்துக்குக் காசு சேர்க்க" என்று சொல்லி அனுப்புவார்கள். தவணை தொடங்கும்போது பிள்ளை திரும்பியிருக்காது. தீபாவளிக்கு முன்னரும் இதே கதைதான். ஆகவே சேர்த்த பிள்ளையின் வகுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, ஒவ்வொரு தவணையின் முதல் வாரத்திலும் ஒரு தடவை கேளுங்கள். வரவில்லை என்றால் அந்த வாரத்திலேயே தோட்டத்துக் கிராம உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் தெரிவியுங்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் பிள்ளை இன்னொரு நகரத்தில் இருக்கும்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாம். எங்கள் இடத்தில், வீட்டு வேலைக்கு வருபவர்களின் அடையாள அட்டைப் பிரதியைக் காவலாளியிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் அடையாள அட்டை இல்லாத வயதில் யாரும் மேலே வருவதில்லை. 15 வயதிலேயே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் அட்டையிலுள்ள பிறந்த திகதியையும் காவலாளி பார்க்க வேண்டும்.

தரகரின் தொலைபேசி இலக்கம் கிடைத்திருந்தால் அதை வாக்குமூலத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்காகப் பிள்ளைகளைத் திரட்டிக் கொண்டுவருவது ஆட்கடத்தலாகவும் விசாரிக்கப்படலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் பிள்ளையாக இருந்தால் 3 முதல் 20 ஆண்டுவரை சிறை. பொலிஸ் கருமபீடத்தில் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு முடிக்கப் பார்ப்பார்கள். தரகரைப் பற்றிய பந்தி உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.